இரண்டு பேர் கேட்டால்தான் கணக்கு

ஜனவரி 5, ஞாயிறு

ஆண்டின் முதல் நடை. வயிற்றெரிச்சலோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

கருக்கன்குளத்துப் பூங்காவின் மேற்குப் பக்கத்தை மொட்டையடித்துவிட்டார்கள். பொக்லைன் வழித்த தடம் இன்னும் ஈரமாகக் கிடக்கிறது. வெள்வேல், சூரை, சங்கம்புதர் எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கி ஓர் ஓரமாகக் குவித்திருக்கிறார்கள். பேவர் பிளாக் பதித்து நடைபாதை வரப் போகிறதாம். நடுவில் இதய வடிவத்தில் ஒரு வளைவாம், அதற்குள் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ளலாமாம். நடக்க ஏற்கனவே ஒரு மண்பாதை இருக்கிறது. நானும் தோழி ஜெசிந்தாவும் பறவை பார்க்கப் பதினைந்து வருடமாக ஞாயிறுதோறும் பைனாகுலரும் கையுமாக அதில்தான் நடக்கிறோம். எங்கள் கால் ஒன்றும் தேய்ந்துவிடவில்லை.

இனி மிச்சம் கிழக்குப் புதர்க்காடு மட்டும்தான். அதற்கும் நாள் குறித்தாகிவிட்டது, பிப்ரவரியில் எடுப்பார்கள் என்று காவலாளி சொன்னார். பக்கத்து வீட்டு விசேஷத்தைச் சொல்வது போலச் சொன்னார்.

கிழக்குக்காட்டுக்குள் போனோம். அங்கே இருந்த அமைதிதான் என்னை உலுக்கிவிட்டது. முன்பெல்லாம் அதற்குள் நுழைந்தால் கதிர்க்குருவி கத்துகிற கத்தலில் பேச முடியாது. விரல் நீளம்தான் உடம்பு, தொண்டை மட்டும் ஊருக்குப் பெரிது. இன்று ஒன்றையும் காணோம். செம்போத்து ஊப் ஊப் என்றது, புள்ளிப்புறா முனகியது, மயில் அகவியது. மலர்கொத்தி இல்லை, வெள்ளைக்கண்ணி இல்லை. முள்ளுக்குள் இருக்கும் சின்னப் பறவைகளை முதலில் காதுதான் பிடிக்கும், பிறகுதான் கண் தேடும். காதுக்கே ஒன்றும் வரவில்லை. இந்தப் பக்கம் இயந்திரம் உறுமினால் அந்தப் பக்கம் குருவி தங்குமா?

"எல்லாம் ஓடிப்போச்சு, பாத்தியா?" என்றேன்.

ஜெசிந்தா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "பாக்கலாம் துளசி" என்றாள். பார்ப்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? அதுவும் இவள் இப்போதெல்லாம் பேச வேண்டுமென்றால் எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு பேசுகிறாள். பாதையே மறைந்துவிடுகிறது.

ஜனவரி 8, புதன்

வாஷிங் மெஷின் துவைத்து முடித்ததும் பீப் பீப் என்று கூப்பிடும். இப்போது கூப்பிடுவதில்லை. துணி உள்ளேயே கிடந்து நாறுகிறது. சர்வீஸ் ஆளை வரச் சொன்னேன். வந்தவர் ஒரு பட்டனை அமுக்கினார். "நல்லாத்தானுங்க அடிக்குது" என்றார்.

"எங்க அடிக்குது?"

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் ஆறுச்சாமி அவர்கள் பேப்பரைப் பார்த்தார். வேலை தெரியாதவர்களை எல்லாம் பையைத் தூக்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அந்த ஆளை வாசல் வரை திட்டி அனுப்பினேன்.

இவரும் சளைத்தவர் இல்லை. பேப்பருக்குப் பின்னால் இருந்துகொண்டு முணுமுணுக்கிறார், ஒரு வார்த்தை விளங்குவதில்லை. நான் காலமெல்லாம் ஸ்பின்னிங் மில்லில் வைண்டிங் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தவள். அந்த இரைச்சலில் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வோம். ஒரு கோடியில் நிற்கிற பெண் மறு கோடிப் பெண்ணிடம் என்னைத் திட்டினால்கூட எனக்குத் தெரிந்துவிடும். முகத்தைக் காட்டிப் பேசினால் நான் ஒரு சொல்லையும் தவறவிட்டதில்லை. பேப்பரை இறக்கிவிட்டுப் பேசினால் இவருக்கு என்ன குறைந்துவிடும்?

ஜனவரி 12, ஞாயிறு

இன்று தரணிதரனோடு சண்டை.

தரணிக்கு நாற்பது வயது இருக்கும். பம்ப்செட் கம்பெனியில் வேலை. போன வருடம்தான் எங்களோடு நடக்கத் தொடங்கினான். ஆர்வம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆர்வம் இருப்பதால் இல்லாத பறவை வந்துவிடாது.

கிழக்குக்காட்டு வளைவில் சட்டென்று நின்றான். "துளசிக்கா, கதிர்க்குருவி! அந்தச் சூரைக்குள்ள."

"எங்க?"

"கேக்குதே. ரெண்டு இருக்குதுங்க்கா."

நின்றேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தூரத்தில் ஒரு காக்கை, சாலையில் ஒரு பஸ். வேறு எதுவும் இல்லை.

"எனக்குக் கேக்கலியே தரணி."

"நல்லாக் கேளுங்க்கா, நிறுத்தாமக் கத்துதே!"

எங்கள் நடையில் ஒரு சட்டம் உண்டு, நான் கொண்டுவந்ததுதான். முன்பு ஒருவர் எங்களோடு வந்துகொண்டிருந்தார். யார் கண்ணிலும் படாத அபூர்வப் பறவைகள் எல்லாம் அவர் காதுக்கு மட்டும் வாரம் தவறாமல் கேட்கும். அதற்காகப் போட்ட சட்டம்: கண்ணால் பார்க்காமல் காதால் மட்டும் கேட்டது என்றால், இரண்டு பேர் கேட்டிருக்க வேண்டும். ஒருவர் கேட்டது கணக்கில் சேராது.

ஜெசிந்தாவிடம் கேட்டேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனை மாட்டிக்கொண்டே காலம் தள்ளியவள், ஊசி விழுந்தால் எந்த ஊரில் விழுந்தது என்று சொல்லக்கூடியவள். "உனக்குக் கேட்டுச்சா?"

குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமல் தலையை மட்டும் ஆட்டினாள். இல்லை.

தரணி பட்டியலில் எழுதியிருந்ததை அவன் கண்முன்னே கோடு போட்டு அடித்தேன். அவன் என்னைப் பார்க்காமல் ஜெசிந்தாவையே பார்த்துக்கொண்டு நின்றான். நாடா கட்டி முடிய இவ்வளவு நேரமா?

ஜனவரி 15, புதன்

பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு. வருடத்துக்கு ஒருமுறை வருகிற கூட்டமெல்லாம் தொப்பி போட்டுக்கொண்டு வந்தது. தரணி மறுபடி மலர்கொத்தி, வெள்ளைக்கண்ணி, தேன்சிட்டு என்று அடுக்கினான். புதிதாக வந்த ஒரு பெண் "ஆமா, எனக்கும் கேட்டுது" என்றாள். அவளுக்குச் சிட்டுக்குருவிக்கும் சில்லைக்கும் வித்தியாசம் தெரியாது, அவள் காதை எப்படிக் கணக்கில் எடுப்பது? அடித்தேன்.

ஜனவரி 17, வெள்ளி

இந்த வருடம் கொசுகூட இல்லை. கடிக்கத்தான் கடிக்கிறது, பாட்டைக் காணோம்.

ஜனவரி 19, ஞாயிறு

நகராட்சிக்கு மனு எழுதிவிட்டேன். மேற்கில் இயந்திரம் விட்டதால் கிழக்கிலும் சிறு பறவைகள் அற்றுப் போய்விட்டன, ஆகவே பணியை உடனே நிறுத்த வேண்டும் என்று முகத்தில் அறைகிற மாதிரி எழுதியிருக்கிறேன். பூங்கா பெஞ்சில் வைத்து ஜெசிந்தாவிடம் நீட்டினேன்.

படித்தாள். திரும்பவும் படித்தாள். "'அற்றுப் போய்விட்டன'ன்னு எழுத வேண்டாமே துளசி. 'குறைஞ்சிருக்குது'ன்னு போட்டாப் போதும்."

"குறைஞ்சாக் குறைஞ்சுட்டுப் போகட்டும்பாங்க. அப்பறம்?"

"இல்ல... ஒருவேளை இருந்துச்சுன்னா?"

"இருந்தா உனக்குக் கேட்டிருக்காதா?"

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, கண்ணில் தூசி என்று முகம் கழுவக் குழாயடிக்குப் போனாள். தரணி போடவில்லை. "பொய்க் கையெழுத்துப் போட மாட்டேனுங்க்கா" என்றான்.

அப்படியானால் பொய் சொல்வது யார்? நானா? இந்தக் காட்டில் எந்தப் புதரில் எந்தக் குருவி கூடு கட்டும் என்று அறிந்தவள் நானா பொய் சொல்கிறேன்? காட்டை அழிப்பவர்கள்கூட இவ்வளவு கோபத்தைக் கிளப்பவில்லை. உடன் நடப்பவன் கிளப்பிவிட்டான்.

ஜனவரி 27, திங்கள்

நகராட்சியிலிருந்து போன். பொறியாளராம், மகுடபதி என்று பெயர். போனில் பேசவே தெரியவில்லை அந்த மனிதருக்கு, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு பேசுவது போல வருகிறது. "சத்தமாப் பேசுங்க சார்" என்று கத்திப் பார்த்துவிட்டு இவரிடம் கொடுத்தேன். பிப்ரவரி ஒன்பதாம் தேதி நேரில் வந்து இடத்தைப் பார்ப்பாராம். வரட்டும்.

பிப்ரவரி 2, ஞாயிறு

தரணி இன்று செய்ததை மன்னிக்கவே முடியாது.

வாரநாளில் தனியாக வந்து செல்போனில் ஒலிப்பதிவு செய்திருக்கிறான். "இதைக் கேட்டுட்டாவது ஒத்துக்கோங்க்கா" என்று கிழக்குக்காட்டு வளைவிலேயே அதைப் போட்டான். காட்டுக்குள் நின்றுகொண்டு பறவைக் குரலைப் போடக் கூடாது. போட்டி ஆண் வந்துவிட்டது என்று நினைத்து உண்மைப் பறவை பதறும், கூட்டை விட்டுவிட்டு வந்து நிற்கும். இந்த அரிச்சுவடிகூட தெரியாமல் ஒரு வருடமாக என்னத்தை நடந்தான்?

சரி, என்னதான் பிடித்திருக்கிறான் என்று போனைக் காதோடு வைத்துக் கேட்டேன். உஸ்ஸென்று காற்று. அவ்வளவுதான்.

"ஒண்ணும் இல்லியே இதுல!"

அவன் ஜெசிந்தாவைப் பார்த்தான். "நீங்களாவது சொல்லுங்க்கா."

ஜெசிந்தா போனை வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பினாள். "ஸ்பீக்கர் சரியில்ல போல" என்றாள்.

அவ்வளவுதான், தரணிக்கு முகம் சிவந்துவிட்டது. "நீங்க ரெண்டு பேரும் சேந்துட்டு காட்டைக் காலி பண்ணப் போறீங்க. இனி நான் வரலீங்க" என்று விறுவிறுவென்று போய்விட்டான். போகட்டும். ஒலிப்பதிவு என்று வெறுங்காற்றைக் கொண்டுவந்து காட்டுகிறவனோடு எனக்கென்ன பேச்சு.

ஒன்று மட்டும் எழுதி வைக்கிறேன். அவன் ஒலிப்பதிவைப் போட்டபோது ஒரு கதிர்க்குருவி சூரைப் புதரின் நுனியில் வந்து உட்கார்ந்தது. வாலைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் குதித்தது. தற்செயலாக வந்திருக்கும், வழி தவறிய ஒற்றைக் குருவி. வாயைத் திறந்து திறந்து மூடியது. கொட்டாவி விட்டிருக்கும்.

பிப்ரவரி 5, புதன்

இவர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தபோது சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிக் காதோடு வைத்துப் பார்த்தேன். சும்மாதான். டிக் டிக் இல்லை. பேட்டரி தீர்ந்திருக்கிறது. முள் மட்டும் ஓடுகிறது.

புது பேட்டரி போட்டேன். கம்பெனி சரியில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று எழுத உட்கார முடியவில்லை. நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 10, திங்கள்

நேற்று நடந்ததை விட்டுவிடாமல் எழுதியாக வேண்டும்.

பொறியாளர் மகுடபதி காலையிலேயே வந்துவிட்டார். கூடவே நடைபாதை வேலையை எடுத்திருக்கும் ஒப்பந்தக்காரர். நானும் ஜெசிந்தாவும் கிழக்குக்காட்டு வளைவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நான் தயாராகத்தான் போயிருந்தேன். வளைவில் நிறுத்தி, "கேளுங்க சார்" என்றேன். "முன்னெல்லாம் இந்நேரத்துக்கு இங்க நின்னாக் காதை அடைச்சுப் போகும். இப்ப ஒரு சத்தம் இருக்குதா?"

பொறியாளர் புருவத்தைச் சுருக்கினார். ஒப்பந்தக்காரர் தரையைப் பார்த்தார். ஜெசிந்தா எதிரே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இங்க குருவி ஏதும் இல்லைங்கறீங்களா அம்மா?"

"இல்லீங்க. மெஷினை உட்டு எல்லாத்தையும் ஓட்டிட்டீங்க."

அவர் என் மனுவை எடுத்துப் பார்த்தார். "ஆமா, இதுலயும் அற்றுப் போய்விட்டதுன்னுதான் இருக்குது. நீங்க ஆட்சேபம் பண்ணுவீங்கன்னுதானுங்க கிழக்கைக் கடைசிக்கு வெச்சிருந்தோம். குருவியே இல்லாத முள்ளுக்காட்டைக் காவந்து பண்ணி என்னங்க ஆகப் போகுது?"

"நாளைக்கே வண்டியைக் கொண்டாந்தர்றனுங்க" என்றார் ஒப்பந்தக்காரர்.

காட்டைக் காப்பாற்ற நான் எழுதிய காகிதத்தை வைத்தே காட்டை எடுக்கப் போகிறார்கள். பூட்டைப் போடுகிறேன் என்று சாவியை நானே கொடுத்திருக்கிறேன். ஜெசிந்தா பக்கம் திரும்பினேன். அழுதுகொண்டிருந்தாள். உதடு அசைந்தது. "சொல்லிரு துளசி." சத்தமாகச் சொன்னாளா, உதட்டளவில் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது.

அவள் தோளுக்குப் பின்னால் சூரைப் புதரின் நுனியில் அது உட்கார்ந்திருந்தது. கதிர்க்குருவி. வால் மேலே, மார்பு முன்னே. வாய் திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது. தொண்டை துடிக்கிறது, உடம்பே அதிர்கிறது. கொட்டாவியை இவ்வளவு நேரம் யாரும் விடுவதில்லை. எத்தனை பெண்களின் வாயை எவ்வளவு இரைச்சலில் படித்திருக்கிறேன். அது என்னைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்துகிறது என்று படிக்க எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

"மனு தப்புங்க சார்" என்றேன்.

"என்னங்க?"

"மனு தப்பு. குருவி இருக்குது. அதா, அங்க உக்காந்து கத்துது பாருங்க. எனக்குத்தான் காது கேக்கலை."

சொல்லிவிட்டேன். கத்திச் சொல்லியிருக்கிறேன் போல. தூரத்தில் நடைப்பயிற்சி போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

ஒப்பந்தக்காரருக்குச் சிரிப்பு. "காது கேக்கலைங்கறீங்க, குருவி கத்துதுங்கறீங்க. எதை நம்பறதுங்க?"

"நான் கேக்குதுன்னு சொல்லலையே! இவளுக்குக் கேக்குது. சொல்லு ஜெசிந்தா. வாயைத் தொறந்து சொல்லு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். சூரைக்குள் கதிர்க்குருவிகள், அதற்கு மேலே மலர்கொத்தி, வெள்வேல மரத்தில் வெள்ளைக்கண்ணிக் கூட்டம், குளத்துப் பக்கம் தேன்சிட்டு. வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். இத்தனை வாரமாகத் தொண்டையில் அடைத்து வைத்திருந்ததை எல்லாம் கொட்டினாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, அறையவும் தோன்றியது.

பொறியாளரிடம் சொன்னேன்: "எங்க நடையில ஒரு சட்டம் இருக்குதுங்க. காதுல கேட்டதுன்னா ரெண்டு பேர் கேட்டாத்தான் கணக்கு. ஒரு ஆளு இவ. எனக்குக் காது போச்சு. ரெண்டாவது ஆளு நீங்கதான். நின்னு கேளுங்க. கேட்டுட்டு, இல்லைன்னா வண்டியை உடுங்க."

அந்த மனிதர் நின்றார், அதற்கு மட்டும் அவரைப் பாராட்ட வேண்டும். செல்போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கேக்குதுங்க" என்றார். "நெறையவே கேக்குது. வந்ததுல இருந்தே கேட்டுட்டுத்தான் இருந்துச்சு. நீங்க இல்லைன்னதும் நான் வேற ஏதோ பூச்சின்னு நெனச்சுட்டேன்."

மனுவை மடித்து என்னிடமே கொடுத்தார். புதிதாக எழுதித் தரச் சொன்னார். மேலே பேசி முடிவாகும் வரை கிழக்கில் வண்டி இறங்காது என்றார். முடிவு என்ன ஆகுமோ தெரியாது. ஒப்பந்தக்காரர் என்னைப் பார்த்த பார்வையைப் பார்த்தால் சுலபமாக விடமாட்டார்கள்.

அவர்கள் போனதும் ஜெசிந்தாவைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்ப இருந்துடி தெரியும்?"

"நீ ரிட்டயர்ட் ஆனதுல இருந்தே. முன்னெல்லாம் நீதான் மொதல்ல கேப்பே. அப்பறம் நான் கை காட்டினாத்தான் பாத்தே."

"ஏன்டி சொல்லலை?"

"சொன்னா நீ வர மாட்டே. உனக்கு ரோசம். நீ வரலைன்னா ஞாயித்துக்கெழமை எனக்கு யாரு இருக்காங்க?"

"அதுக்குன்னு காட்டையே தூக்கிக் குடுக்கப் பாத்தியா?"

"நீயுந்தானே பாத்தே."

அவள் ஆட்டோ பிடித்துத் தனியாகப் போனாள். நான் நடந்தே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் இவரிடம், உங்களுக்கும் தெரியுமா என்று கேட்டேன். பேப்பரை இறக்கினார். இத்தனை நாளில் முதல் தடவையாக முகத்தைக் காட்டிப் பேசினார்: "வாஷிங் மெஷின் டெய்லியும் கூப்புட்டுச்சு, துளசி."

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஊரே சேர்ந்து என்னைக் கண்ணாடிப் பாத்திரமாக நினைத்துப் பொத்தி வைத்திருக்கிறது. என்னை என்னவென்று நினைத்தார்கள்?

பிப்ரவரி 16, ஞாயிறு

வெள்ளிக்கிழமை காது டாக்டரிடம் போனோம். மில் சத்தம் தின்ற காது என்றார். மெஷின் வைத்தால் பேச்சு கேட்குமாம். குருவி கேட்குமா என்றேன். உதட்டைப் பிதுக்கினார். அதை எந்தச் சிரமமும் இல்லாமல் படித்துவிட்டேன்.

தரணிக்கு, 'ஞாயிறு வா. திட்ட மாட்டேன்' என்று செய்தி அனுப்பினேன். வந்தான். வந்ததும், ஒலிப்பதிவைக் காட்டுக்குள் போட்டதற்குத் திட்டினேன். "அது தப்புதானுங்க்கா" என்று தலையைக் குனிந்துகொண்டான். நான் அவனுக்குச் செய்ததற்கு மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவே இல்லை. எழுதும் பலகையை எடுத்துக்கொண்டு, "நீங்க ரெண்டு பேரும் கேளுங்க. நான் எழுதறேன்" என்றேன். அவனுக்குப் புரிந்தது.

கிழக்குக்காடு அப்படியே இருக்கிறது, இன்றைக்கு இருக்கிறது. "கதிர்க்குருவி" என்றான் தரணி. "ஆமா" என்றாள் ஜெசிந்தா. எழுதினேன். "மலர்கொத்தி." "ஆமா." எழுதினேன். என்னைச் சுற்றி இவ்வளவு நடக்கிறது, நான் ஒரு மூடிய அறைக்குள் நின்று ஜன்னல் வழியே பார்க்கிறேன். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மில் மீது, மேற்கில் கிடக்கும் அந்தப் பேவர் பிளாக் அடுக்கின் மீது, இவர்கள் இருவரின் நல்ல காதுகள் மீது. அதை மறைக்க மாட்டேன்.

அப்போது ஊப் ஊப் என்று கேட்டது. "செம்போத்து!" என்று கத்தினேன். அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்கும். உடனே எழுதியும் விட்டேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்கு இப்போது தெரியும். ஜெசிந்தாவின் உதடு 'ஆ' என்று விரியத் தொடங்கியது.

"எனக்காக ஆமான்னு சொல்லாதே" என்றேன். "கேட்டாச் சொல்லு. கேக்கலைன்னாக் கேக்கலைன்னு சொல்லு."

விரிந்த உதட்டை மூடிக்கொண்டாள். பிறகு என் முகத்துக்கு நேராக வந்து, "எனக்குக் கேக்கலை துளசி. அது ரோட்டுல போன லாரி ஹாரன்" என்றாள்.

"எனக்கும் கேக்கலைங்க்கா" என்றான் தரணி.

பேனாவை எடுத்து என் செம்போத்தின் மீது ஒரு கோடு போட்டேன், அழுத்தமாக. பிறகு மூன்று பேரும் நடந்தோம். ஜெசிந்தா என் இடது பக்கமாக, அவள் முகம் எனக்குத் தெரிகிற மாதிரி நடந்து வந்தாள்.